வெச்சுப் பாக்கோணுமுங்க

கோயம்புத்தூர் பஸ்ஸில் ஒரு கியர் பாக்ஸைச் சன்னலோர சீட்டில் உட்கார வைத்து, அதற்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துக்கொண்டு போன மனுஷனை எனக்குத் தெரியும். பனியன் வேஸ்ட் துணி கட்டுகிற சாக்கில் அதைப் போட்டு, வாயைச் சுருக்கிக் கட்டி, பிரேக் போடும்போது உருண்டுவிடாமல் ஒரு கையால் அணைத்துப் பிடித்திருந்தாராம். சாக்குக்குள் என்ன என்று கண்டக்டர் கேட்டதற்கு, "வண்டிச் சாமானமுங்க. இதுக்குப் பொருந்தற கிளட்ச் பிளேட்டு கோயமுத்தூர்ல ஒரு கடையில இருக்குதாமா. பாத்துப்போட்டு வரலாம்னு போறோமுங்க" என்றாராம். போறோமுங்க. அதாவது, அவரும் அதுவும். இதை அவரே என்னிடம் வந்து சொன்னார், நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்து.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். அது எங்கள் காருக்கான சாமான். அந்தக் கடைக்காரரிடம் நான் ஏற்கெனவே பேசியிருந்தேன். பிளேட்டின் போட்டோ வாங்கியிருந்தேன். நடு ஓட்டைக்குள் இருக்கும் பல்லின் எண்ணிக்கை, அகலம் எல்லாம் கேட்டு எழுதி இவருக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தேன். பார்சல் போடச் சொன்னால் மறுநாள் காலையில் திருப்பூர் வந்து சேர்ந்திருக்கும். "நெம்பரெல்லாஞ் செரியாத்தானுங்க இருக்குது அம்மணி. போட்டோவுல எல்லாமே ஒண்ணாட்டத்தான் தெரியும். ஒருக்காப் பக்கத்துல வெச்சுப் பாக்கோணுமுங்க" என்றார். போனார். வைத்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கடையில் அன்றைக்கு முதலாளி இல்லை, பிளேட்டைக் கையில் தரவில்லை. திரும்பி வந்து, அடுத்த வாரம் மறுபடியும் போனார். அப்போதும் கியர் பாக்ஸோடுதான் போனார்.

மங்கலம் ரோட்டில் அவருடைய ஒர்க்‌ஷாப் இருந்தது. அதைத் தாண்டி நாலு கட்டடம் தள்ளி என்னுடைய யூனிட். பனியன் தைத்து, செக்கிங் பார்த்து, பேக்கிங் போட்டு அனுப்புகிற சின்ன யூனிட்தான். ஊரில் எல்லோரும் அவரை லேப்புக்காரர் என்பார்கள். மெக்கானிக்குக்கு எப்படி அந்தப் பெயர் வந்தது என்றால், வயசில் அவர் ஒரு சாயப்பட்டறை லேப்பில் ஷேடு பார்க்கிற வேலையில் இருந்தவர். வெளிநாட்டுக்காரன் ஒரு துண்டுத் துணி அனுப்புவான். அதே நிறத்தில் இவர்கள் சாயம் ஏற்ற வேண்டும். ஏற்றிய துணியையும் வந்த துணியையும் ஒரு பெட்டிக்குள் விளக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பிறகு வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் வைத்துப் பார்ப்பார். டியூப்லைட்டில் ஒன்றாக இருக்கும் நிறம் வெயிலில் இரண்டாகப் பிரியும். அந்த வேலை போய், மச்சான் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து, மச்சானும் போய்ச் சேர்ந்து, ஒர்க்‌ஷாப் இவர் கைக்கு வந்தது. கை மாறியதே தவிர புத்தி மாறவில்லை.

செருப்பு வாங்கினால் இடது காலையும் வலது காலையும் முதுகோடு முதுகு ஒட்டி வைத்துப் பார்ப்பார். டீக்கடையில் இரண்டு கிளாஸ் வந்தால் ஒட்டி வைத்து மட்டம் பார்ப்பார். ஒருநாள் அவர் சம்சாரம் என்னிடம் சொல்லி மாய்ந்தார். "பொண்ணு பாக்க வந்தப்போ இந்த மனுசன் என்ன கேட்டாரு தெரியுங்களா? போட்டோவுல இருந்தது நானா எங்க அக்காளான்னு சந்தேகமாமா. ரண்டு பேரையும் பக்கத்துல நிக்கச் சொல்லுங்கன்னு எங்கப்பாகிட்டயே கேட்டுப்போட்டாருங்க. அக்காளுக்குக் கல்யாணமாயிக் கைல கொழந்த." சொல்லிவிட்டு அந்த அம்மா சிரித்தார். நான் அவரிடத்தில் இருந்திருந்தால் அன்றைக்கே காப்பியைத் திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போயிருப்பேன்.

என் யூனிட்டில் ஒருநாள் செய்த காரியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எக்ஸ்போர்ட் ஆபீஸிலிருந்து தரம் பார்க்கிற கியூசி ஆள் வந்திருந்தான். அவன் எல்லாம் பார்த்து முடித்து, சரி என்று கையெழுத்துப் போட பேனாவை எடுத்துவிட்டான். அந்த நேரம் பார்த்து, பழைய அட்டைப்பெட்டி கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு இவர் உள்ளே வந்தார். மேசையில் கிடந்த ஒரு பனியனை எடுத்தார். காலரை மடக்கி உடம்புத் துணி மேல் வைத்தார். வாசல் வரை நடந்து போய் வெயிலில் பிடித்தார். "ஏனுங்க அம்மணி, காலரு வேற லாட்டுத் துணிங்களா? வெளிச்சத்துல கொஞ்சம் மாறித் தெரியுதுங்களே" என்றார். கியூசி பேனாவை மூடிப் பையில் வைத்தான். கட்டிய பெட்டி அத்தனையையும் பிரித்தோம். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த பீகார்ப் பையன்கள்கூட எழுந்து நின்றுவிட்டார்கள். இவர் அட்டைப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சரிங்க அம்மணி, வர்றனுங்க" என்று போனார். திட்டினாலும் சரிங்க, கும்பிட்டாலும் சரிங்க. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அட்டைப்பெட்டி எதற்கு என்றால், எங்கள் காருக்குத்தான்.

அப்பாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி, ஒரு பக்கக் கால் மடங்காமல் போய்விட்டது. என்னுடைய காரில் ஏற்றினால் கால் முன்சீட்டில் இடித்துக்கொண்டு வலியில் கத்துவார். உயரமான வண்டியில் ஏற்றவே முடியவில்லை. அவருடைய பழைய அம்பாசிடரில் மட்டும்தான், அகலமான பின்கதவைத் திறந்து, குறுக்காக உட்கார்ந்து, சீட்டு நீளத்துக்குக் காலை நீட்டிக்கொள்ள முடியும். ஆனால் அந்தக் கார் எஞ்சின் வெடித்து ஷெட்டில் கிடந்தது.

அப்பாவுக்குப் போகவேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். அமராவதி நகரில் அணைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் அவர் தங்கை இருந்தாள், என் அத்தை. இதயம் பலவீனமாகி அவளும் படுக்கையோடு கிடந்தாள். இங்கிருந்து அவர் போக முடியாது, அங்கிருந்து அவள் வர முடியாது. தினமும் வீடியோ காலில் பார்த்துக்கொள்வார்கள். பேசுவது என்றால் பாசமாக ஒன்றும் இல்லை. தென்னைக்கு யார் எரு வைத்தது, தங்கள் அம்மா சாகும்போது யார் கையால் பால் குடித்தாள் என்று சண்டைதான். போனை வைத்ததும் அப்பா என்னைப் பார்ப்பார். "அவளை ஒருக்கா நேர்ல பாத்துப்போட்டு வந்துட்டாப் போதும் கண்ணு" என்பார். ஆம்புலன்ஸ் வைக்கட்டுமா என்று கேட்டேன். "ஆம்புலன்சுல போயி எறங்குனா, நாஞ் செத்துப் போயிட்டேன்னு நெனச்சு அவ முந்திக்குவா. வேண்டாஞ் சாமி" என்றார்.

ஆகவே காரை ஓட வைத்தாக வேண்டும். பழைய எஞ்சினுக்கு உயிர் கொடுக்க முடியாது என்று ஆனபின், விபத்தில் நொறுங்கிய ஒரு ஜப்பான் காரின் பெட்ரோல் எஞ்சினை வாங்கினோம். அவிநாசிப் பக்கம் கிடைத்தது, நல்ல எஞ்சின். அதைத் தூக்கி இதில் வைத்தால் முடிந்தது என்று நான் நினைத்தேன். அங்கேதான் ஏழரை ஆரம்பித்தது. அந்த எஞ்சினோடு வந்த கியர் பாக்ஸ் முன்சக்கரத்தைச் சுற்றவைக்கிற வகை. அம்பாசிடருக்குப் பின்சக்கரம் சுற்ற வேண்டும். அதனால் புது எஞ்சின் முதுகில் பழைய கியர் பாக்ஸை ஒட்ட வேண்டும். இதன் போல்ட் ஓட்டை அதற்குப் பொருந்தாது. கிளட்ச் பிளேட்டின் வெளிவட்டம் புது எஞ்சினுக்குப் பொருந்த வேண்டும், உள்பல் பழைய கியர் பாக்ஸுக்குப் பொருந்த வேண்டும். பின்சக்கரத்துக்குப் போகிற நீளத் தண்டின் அளவு மாறும். ஒவ்வொன்றுக்கும் சோடி தேட வேண்டும். தேடுகிறவர் யார்? இவர்.

முதலில் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் போடவேண்டிய கனத்த இரும்புத் தகடு. லேத்தில் வரைபடம் கொடுத்தால் வெட்டித் தருவார்கள். இவர் என் யூனிட்டின் எக்ஸ்போர்ட் பெட்டியை அறுத்து, பனியனுக்குப் பேட்டர்ன் வெட்டுகிற மாதிரி அட்டையில் வெட்டினார். எஞ்சின் மேல் வைத்துப் பார்த்தார். கியர் பாக்ஸ் மேல் வைத்துப் பார்த்தார். மழைக்காற்றில் அட்டை நமுத்து அளவு மாறிவிட்டது என்று சந்தேகம் வந்து, இன்னொரு பெட்டி கேட்டு வந்தார். அந்த மாதம் எனக்குப் பெட்டி பற்றாமல் போனது. பேக்கிங் பெண்களிடம், லேப்புக்காரர் தலை தெரிந்தால் பெட்டியை எல்லாம் உள்ளே ஒளித்து வையுங்கள் என்று சொல்லியிருந்தேன்.

பிறகு நீளத் தண்டு. டேப் வைத்து அளந்தால் ஆயிற்று. இவர் என்ன செய்தார்? துணி ரோலுக்கு நடுவில் இருக்கிற அட்டைக் குழாயை வெட்டி, காருக்கு அடியில் தண்டு போகிற இடத்தில் கட்டித் தொங்கவிட்டார். அதோடு விட்டாரா? ஆள் உட்கார்ந்தால் கார் இறங்கும், இறங்கினால் நீளம் மாறும், அதனால் அப்பாவை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். அவர் எடைக்கு ஒரு மூட்டை வையுங்கள் என்றேன். "மூட்ட காலை நீட்டாதுங்களே அம்மணி. பாரம் ஒரு பக்கமா வரோணுமுங்க" என்றார். அப்பாவை நானும் டிரைவரும் தாங்கிப் பிடித்து ஷெட்டுக்குக் கொண்டுபோய் ஏற்றினோம். அது ஒரு நாள் இல்லை. ஸ்பிரிங் மாற்றியபோது ஒருதரம், சீட்டு மாற்றியபோது ஒருதரம், சும்மா சந்தேகத்துக்கு ஒருதரம். அப்பாவுக்கு அதில் ஒரு கஷ்டமும் தெரியவில்லை. ஏறி உட்கார்ந்ததும் போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிடுவார்.

"ஏம் புள்ள, கார்ல ஏறிட்டேன்."

"எங்க வந்துட்டீங்ண்ணா?" என்று அத்தையின் குரல் கேட்கும்.

"நம்ம ஷெட்டுலதான். எஞ்சின் இன்னும் வெக்கில."

"எஞ்சின் வெக்காத கார்ல என்னத்துக்கு ஏறுனீங்க? வயசானா புத்தி போயிருமா?"

அடியில் மல்லாந்து கிடக்கிற இவர், "அய்யா, கொஞ்சம் ஆடாம உக்காருங்க" என்பார். எனக்கு எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது என்று தெரியாது. ஆறு மாதம் இப்படிப் போனது. நான் அவரிடம் மரியாதை இல்லாமல்கூடப் பேசிவிட்டேன். ஒருநாள், "அப்பா வீடியோ காலில் அத்தையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், உங்கள் வேலைக்கு அவசரமே இல்லை, அடுத்த ஜென்மத்தில் முடியுங்கள்" என்று குத்தலாகச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "போன்ல பாக்கறது பாக்கறதுங்களா அம்மணி?" என்றார். வேலையை முடிக்காதவன் பேச்சு மட்டும் நன்றாகப் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தையை, இனி பயனில்லை என்று, சேர்த்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள் என்று செய்தி வந்த வாரம், கடைசியில் எல்லாம் ஒன்று சேர்ந்தது. எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. சத்தம் வழவழவென்று நன்றாக இருந்தது. தண்டை மாட்டி ஓட்டிப் பார்க்கவேண்டியது மட்டும் பாக்கி. அதற்கு அப்பா விடவில்லை. புது வண்டி என்றாலும், புது எஞ்சின் வைத்த பழைய வண்டி என்றாலும், பூசை போடாமல் சக்கரம் சுற்றக் கூடாது. ஜாக்கியில் தூக்கி வைத்துக்கூடச் சுற்றக் கூடாது. வெள்ளிக்கிழமை காலையில் நல்ல நேரம் பார்த்துப் பூசை, அப்படியே தங்கை வீட்டுக்குப் புறப்பாடு என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை லேப்புக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். காருக்கு மாலை, பொட்டு. நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம். அப்பா பின்சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து போனை ஸ்பீக்கரில் போட்டுக் கையில் வைத்திருந்தார். அந்தப் பக்கம் அத்தை லைனில் இருந்தாள். தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினேன். இவர் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு, முதல் கியரைப் போட்டு, கிளட்சை விட்டார்.

கார் பின்னால் போனது.

மெல்லத்தான் போனது. போய், பின்னால் இருந்த தண்ணீர் டிரம்மை இடித்து நின்றது. கியர் தப்பாக விழுந்துவிட்டது என்று நினைத்து இரண்டாவது கியரைப் போட்டார். டிரம் உருண்டது. எலுமிச்சம்பழம் நான்கும் நசுங்காமல் வெயிலில் பளபளவென்று கிடந்தன. இவர் கியர் கம்பியை ஒருதரம் ஆட்டிப் பார்த்தார். பிறகு ரிவர்ஸ் கியரைப் போட்டார். கார் உறுமிக்கொண்டு முன்னால் வந்து எலுமிச்சம்பழத்தை நசுக்கியது.

"கெளம்பியாச்சுங்ளாண்ணா?" என்று அத்தை போனில் கேட்பது எல்லோருக்கும் கேட்டது.

இவர் இறங்கி, பானெட்டைத் திறந்து, ஓடுகிற எஞ்சினின் முன்பக்க பெல்ட் சக்கரத்தையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். உலகத்தில் எல்லா எஞ்சினும் ஒரு பக்கம் சுற்றும் என்றால், இந்த ஜப்பான் எஞ்சின் எதிர்ப்பக்கம் சுற்றுகிற சாதி. அதனால் பழைய கியர் பாக்ஸுக்கு முன்னால் போவதெல்லாம் பின்னால் ஆகிவிட்டது. நாலு கியர் பின்னால், ஒரு கியர் முன்னால்.

"இத்தனை நாளும் என்னங்க வெச்சுப் பாத்தீங்க?" என்று கத்தினேன்.

"நிக்கற சாமானத்தத்தானுங்க அம்மணி பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன்" என்றார். "ஓட்டும்போது சத்தத்தக் கேட்டேன். எந்தப் பக்கஞ் சுத்துதுன்னு பாக்குலீங்க."

பின்பக்க அச்சைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் சரியாகிவிடும், ஆனால் ஸ்பிரிங் உட்காருகிற இடத்தை வெட்டி ஒட்ட வேண்டும், பிரேக்கை மாற்ற வேண்டும், எத்தனை நாளாகும் என்று வெச்சுப் பாத்துத்தான் சொல்ல முடியும் என்றார். நான் செருப்பைக் கழற்றாமல் இருந்ததே பெரிது. அதற்குள் அப்பாவின் போனில் அத்தையின் மருமகள் வந்தாள். அத்தைக்குக் கேட்காமல் வெளியே வந்து பேசினாள். "மாமா, அத்த ரெண்டு நாளா வாயில தண்ணிகூட சரியா வெக்கறதில்லீங்க. இன்னிக்கு நீங்க வர்றீங்கன்னுதான் எந்திரிச்சுச் சாஞ்சு உக்காந்திருக்குது. எப்படியாச்சும் வந்துருங்க."

அப்பா போனை மடியில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. இவரைத்தான் கூப்பிட்டார்.

"ஏப்பா, ஒரு கியரு முன்னால போகுதல்லோ?"

"போகுதுங்கய்யா. ஆனா அது ரிவர்சுங்க. வண்டிய நாலடி பின்னால தள்றதுக்குன்னு செஞ்ச பல்லுங்க. அத்தன தூரத்துக்கு யாரும் வெச்சுப் பாத்ததில்லீங்க."

"இப்ப நீ வெச்சுப் பாரு" என்றார் அப்பா.

திருப்பூரிலிருந்து அமராவதி நகருக்கு, ரிவர்ஸ் கியரில், முன்னால் பார்த்துக்கொண்டு போன கார் எங்களுடையது மட்டும்தான் என்று நினைக்கிறேன். இவர் ஓட்டினார், நான் பக்கத்தில். கியர் பாக்ஸ் மாவு மில் மாதிரி கத்தியது. வேகம் ஏற்றவே விடவில்லை. பல்லடம் தாண்டுவதற்குள் தேங்காய் லோடு டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்து எங்களை முந்திக்கொண்டு போனது. அதன் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் மாலை போட்ட காரைப் பார்த்து, கல்யாண வண்டி என்று நினைத்துக் கைகாட்டினார்கள். அப்பா அவர்களுக்குப் பதிலுக்குக் கைகாட்டினார். கொஞ்ச தூரத்துக்கு ஒருதரம் இவர் புளியமரத்தடியில் நிறுத்துவார். அடியில் புகுந்து கியர் பாக்ஸ் மேல் உள்ளங்கையை வைப்பார். ஈரப் பனியன் வேஸ்ட்டை அதன் மேல் சுற்றுவார். ஆறும்வரை நிற்போம். நான் வாட்ச்சைப் பார்ப்பேன். "இன்னும் சுடுதுங்க அம்மணி" என்பார். உடுமலைப்பேட்டைக்குள் நுழையும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

"ஏம் புள்ள, உடுமல வந்துட்டேன்" என்று அப்பா போனில் சொன்னார்.

"நெசமாலுமா, இல்ல ஷெட்டுல உக்காந்துட்டு அளக்கறீங்ளா?" என்று அத்தை கேட்டாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. அப்பா போனைச் சன்னலுக்கு வெளியே நீட்டி, பஸ் ஸ்டாண்டுச் சத்தத்தைக் கேட்க வைத்தார்.

தோட்டத்துக்குள் போகிற வாய்க்கால் மேட்டில் கார் ஊர்ந்து போய், வாசலில் நின்றது. அப்பாவை இறக்குவதற்கு நேரமாகும் என்று தெரிந்து, மருமகளும் பண்ணையத்து ஆட்களும் அத்தையைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிவந்து, திறந்த பின்கதவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். சீட்டின் உயரமும் கட்டிலின் உயரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. இவர் கையைக் கூப்பி ஒதுங்கி நின்றார்.

அப்பா எட்டிப் பார்த்தார். போனில் அத்தையின் முகம் மட்டும்தான் தெரியும். தலை சீவி, பொட்டு வைத்து, தெளிவாக இருப்பாள். கழுத்துக்குக் கீழே இருந்ததை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஒரு சிறுபிள்ளை அளவுக்கு வற்றிப்போய்க் கிடந்தாள். அவளும் அப்பாவின் நீட்டிய காலைப் பார்த்தாள். அவர் கால் விஷயத்தைத் தங்கையிடம் கொஞ்சம் வலி என்று மட்டும்தான் சொல்லி வைத்திருந்தார்.

"போன்ல நல்லாத்தான இருந்த" என்றார் அப்பா.

"நீங்களுந்தான்" என்றாள் அத்தை. கை நீட்டி அவர் முழங்காலைத் தொட்டாள். "மடங்கவே மடங்காதுங்ளா?"

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. காரின் மறுபக்கம் போனேன். தினமும் போனைச் சார்ஜ் போட்டு, அப்பா கையில் கொடுத்து, பார்த்துக்கொள்கிறார்கள், பேசிக்கொள்கிறார்கள் என்று நிம்மதியாக இருந்தவள் நான். இவர் காருக்கு அடியில் பாதி உடம்பு புகுந்து கிடந்தார். வெள்ளைச் சட்டை முதுகெல்லாம் செம்மண்.

"பல்லு தேஞ்சு போச்சுங்க அம்மணி. இனி வண்டி ஊருக்குத் திரும்பாதுங்க" என்றார் உள்ளிருந்து. "இங்கயே கல்லு மேல ஏத்தி வெச்சு, அச்சைத் திருப்பிப்போட்டுத்தான் போகோணும். கியரும் மாத்தோணுமுங்க. அதுவரைக்கும் அய்யா இங்கதான் இருக்கோணும்."

"எத்தனை நாளாகும்?"

"வெச்சுப் பாத்துத்தாஞ் சொல்லோணுமுங்க."

அந்தப் பேச்சைக் கேட்டு எனக்குக் கோபம் வராதது அந்த ஒரு தடவைதான். "அவசரமே இல்லீங்க. மெதுவாப் பண்ணுங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். ஆறு மாதமாக என் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் குத்தலாக மட்டுமே கேட்டிருந்த மனுஷன், காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க அம்மணி" என்றார்.

அப்பா அங்கேயே தங்கினார், நான் பஸ்ஸில் ஊர் திரும்பினேன். பகலெல்லாம் அண்ணனும் தங்கையும் கட்டிலுக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுக்கொண்டு தென்னை எருவுக்கும் அம்மா குடித்த பாலுக்கும் சண்டை போட்டார்கள். மருமகள் போன் செய்து, அத்தை கஞ்சி குடிக்கிறது, அப்பாவைத் திட்டுவதற்குத் தெம்பு வேண்டுமாம் என்று சொன்னாள். நான் சந்தோஷமாக இருந்தேன். லேப்புக்காரர் வேலையை எடுத்திருக்கிறார், எப்படியும் தீபாவளி வரை இழுப்பார் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டுத் தோட்டத்திலேயே படுத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார். கியரைப் போட்டோ பார்த்து ஆர்டர் போட்டு, பார்சலில் வரவழைத்திருக்கிறார். அச்சைத் திருப்பி, ஒட்டி, மாட்டி, பத்தே நாளில் கார் சாவியோடு என் யூனிட் வாசலில் வந்து நின்றார். வெளியே அம்பாசிடர். பின்சீட்டில் அப்பா.

"நாலு கியரும் முன்னால போகுதுங்க அம்மணி" என்றார். "உங்களுக்கு இத்தன நாளு செரமங் குடுத்துட்டனுங்க. இதையாச்சும் வெசயா முடிக்கோணும்னு முடிச்சுட்டேன்."

நன்றி சொன்னேன். காப்பி கொடுத்தேன். டம்ளரைப் பக்கத்து டம்ளரோடு ஒட்டி வைக்காமல் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அத்தை போய்விட்டாள். போனில்தான் செய்தி வந்தது. ஒர்க்‌ஷாப்பை விற்றுவிட்டு லேப்புக்காரர் தன் மகன் இருக்கிற ஊரோடு போய்ச் சில வருஷம் ஆகிறது. கார் இன்னும் நன்றாக ஓடுகிறது, அப்பாவை அதில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். கியர் மாற்றும்போதெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே மாற்றுகிறேன். வாழ்க்கையில் எந்த வேலையையும் நேரத்துக்கு முடிக்காத மனுஷன், அந்த ஒன்றையாவது இன்னும் ஒரு வாரம் இழுத்திருக்கக் கூடாதா.